பட்டவராயனுக்கு ஏன் செருப்பு?

(நாங்குநேரியில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நம்மில் பலர் போயிருப்போம். அங்கே பட்டவராயன் சன்னதியில் மக்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அடுத்த ஆண்டு பார்த்தால் அது தேய்ந்திருக்கும், சாமி போட்டு நடந்திருப்பார் என்பது நம்பிக்கை. ஒடுக்கப்பட்டவர்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவே தடை போட்ட நாட்டில், ஒரு சாமிக்குச் செருப்பு காணிக்கையானது எப்படி?

விடை முத்துப்பட்டன் கதை என்னும் வில்லுப்பாட்டில் இருக்கிறது. முத்துப்பட்டன் பார்ப்பனர். அருந்ததியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்பிப் பெண் கேட்கிறார். பார்ப்பன மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று வாலப்பகடை மகிழ்ந்துபோகவில்லை. பூணூலை அறுக்க வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார். பட்டன் அத்தனையும் செய்கிறார். பிறகு மாமனாரின் மாடுகளை மீட்கப் போராடி, சூழ்ச்சியால் கொல்லப்படுகிறார்.

இதைப் பெரியபுராணத்து நந்தனாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீயில் இறங்கிய நந்தனார் பூணூலோடு வெளியே வருகிறார். அதன் பிறகே அவருக்குச் சிதம்பரம் திறக்கிறது. பட்டன் பூணூலை எறிந்த பிறகே சாமியாகிறார். ஒன்று செவ்விலக்கியம், மற்றொன்று நாட்டார் கலை என்று நமக்குப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். சாதியை எதிர்கொள்வதில் இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

இந்தக் கதையையும் சும்மா விடவில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனர் வீட்டில் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு வடிவம் பாடப்படுகிறது. இது பிற்கால ஒட்டு என்று எடுத்துக்காட்டியவர் நா. வானமாமலை. 1917இல் இதே நாங்குநேரியில் பிறந்தவர். நெல்லை ஆய்வுக் குழுவையும் 'ஆராய்ச்சி' இதழையும் நடத்தியவர். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது.

ஏட்டைப் படிக்காதவர்களும் இந்த ஒட்டைக் கண்டுபிடிக்கலாம். பெண்கள் பார்ப்பனர் என்றால் பட்டன் பூணூலை அறுத்ததற்குப் பொருளே இல்லை. எந்தப் பிறப்புக் கதையைச் செருகினாலும், சன்னதியில் கிடக்கும் செருப்பை மட்டும் அவர்களால் எடுக்க முடியவில்லை. கலை வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு அந்தச் செருப்பும் ஒரு கல்வெட்டுதான்.

குறையைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. கதை முடிவில் இரண்டு பெண்களும் கணவனோடு தீயில் இறங்குகிறார்கள். சாதி மீறலைப் பாடிய கலை, பெண்ணைச் சாவுக்கு அனுப்பியே போற்றுகிறது. நிபந்தனை வைத்த வாலப்பகடையைவிட, இறங்கி வந்த பட்டனே நாயகனாகிறார். இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் இந்த ஊரில் ஒரு தலித் மாணவரை, அவருடைய பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர்கள் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டும்தான். ஆனால் கயிற்றைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, நூலை அறுத்தெறிந்தவரை அவன் ஊர்க்காரர்களே சாமியாகக் கும்பிடுகிறார்கள் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

பள்ளிக் கலைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு பாடுகிறார்கள். அங்கே முத்துப்பட்டன் கதை பாடப்படட்டும். பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற மக்களாகவே பாடப்படட்டும். ஆசிரியர்களும் பெற்றோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.