காப்பீட்டு அட்டை இருந்தும் கைப்பணம் ஏன்?

(திண்டிவனத்தில் நடந்த மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி எங்களிடம் வந்தார். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. ஆனாலும் தனியார் மருத்துவமனையில் "அட்டை போக மீதியைக் கட்டுங்கள்" என்றார்களாம். நாங்களும் ஜகாத் நிதியிலிருந்து கொடுத்துவிட்டோம். பிறகு விசாரித்தால், ஸ்டென்டும் காப்பீட்டுத் தொகையிலேயே அடக்கம்! கட்டிய பணத்துக்கு ரசீதும் இல்லை. விசாரிக்காமல் கொடுத்தது எங்கள் தவறு.

2012-ல் தொடங்கிய இத்திட்டம், 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு.

மருத்துவமனை போடும் பில்லை அரசு அப்படியே கட்டுவதில்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே ஒரு தொகை நிர்ணயிக்கிறார்கள். அதுதான் 'பேக்கேஜ்'. படுக்கை, டாக்டர் கட்டணம், பரிசோதனை, மருந்து, உணவு எல்லாம் அதற்குள் அடங்கும். மருத்துவமனையின் தரத்தைப் பொறுத்துத் தொகை மாறும்.

"இந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை, பணமும் தாமதமாக வருகிறது" என்று சிறிய நர்சிங் ஹோம்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். திட்டத்தில் சேராமல் இருப்பது அவர்கள் விருப்பம். ஆனால் சேர்ந்து, தொகைக்கு ஒப்புக்கொண்டு, அதே சிகிச்சைக்கு ஏழையிடமும் வாங்குவது முறையல்ல.

ஆகவே, அட்மிஷனுக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா? இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா? காப்பீட்டு ஒப்புதல் வந்துவிட்டதா? சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. நம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த அட்டை செல்லும். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யுங்கள்.

அட்டை இல்லாதவர்கள் விஏஓ தரும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்தில் பதிவு செய்ய உடன் வருகிறோம்.

ஜகாத் ஓர் அமானத். அரசு கொடுக்க வேண்டிய இடத்தில் அது போகக் கூடாது. அட்டையில் வராத அன்றாட சர்க்கரை மாத்திரைக்கும், பஸ் செலவுக்கும், வேலை இழந்த வீட்டின் அரிசிக்கும் அது போகட்டும். இன்ஷா அல்லாஹ், இனி ஒப்புதல் கடிதத்தைப் பார்த்த பிறகே உதவி வழங்குவோம்.