கால்களும் அமானிதமே

(ஹஜ் பயணிகள் வழியனுப்புக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





ஹஜ்ஜின் ஃபர்ளுகள், வாஜிபுகள், துஆக்கள் பற்றி நம் ஹஜ்ரத் அவர்கள் இரண்டு வாரமாக விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நாம் பேச வந்திருப்பது கால்களைப் பற்றி. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களிடம் காலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன்பு நமக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் ஏற்பட்ட ஒரு வருத்தத்தை முதலில் உங்களிடம் ஒப்புக்கொள்கிறோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். பெயரைச் சொல்ல வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்லுங்கள் என்று அனுமதி தந்திருக்கிறார். இதே போன்ற கூட்டத்தில் அவருக்குச் சால்வை போட்டு, துஆச் செய்து அனுப்பினோம். மக்காவில் ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு ஹரம் ஷரீஃபுக்குள் போகும்போது செருப்பை வாசலில் விட்டிருக்கிறார். கூட்டத்தில் வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பக்கத்தில்தானே தங்குமிடம் என்று நடுப்பகல் வெயிலில் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார்.

"சூடா இருந்த மாதிரி தெரிஞ்சுது பாய், ஆனா வலிக்கல" என்றார் நம்மிடம்.

வலிக்கவில்லை. அதுதான் ஆபத்து. இரண்டு நாள் கழித்து அறையில் கூட இருந்தவர் படுக்கை விரிப்பில் ஈரக் கறையைப் பார்த்துக் கேட்டபோதுதான் உள்ளங்கால் கொப்பளித்து உடைந்திருப்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. அந்தப் புண்ணோடு மீதி அமல்களையும் முடித்து ஊர் திரும்பினார். இங்கு வந்ததும் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் தினம் உள்ளங்காலைத் திருப்பிப் பாருன்னு சொல்லியிருந்தா, பார்த்திருப்பேன்."

அந்த ஒருவராக நாம் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சு.

வலி ஒரு நிஃமத்

சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. பெரும்பாலும் முதலில் பாதிக்கப்படுவது பாதம்தான். சிலருக்கு எரிச்சல், சிலருக்குப் பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லோ, குத்திய முள்ளோ, சுட்ட தரையோ மூளைக்குச் செய்தி அனுப்பாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் ஆறவேண்டிய புண் ஆறாது.

இந்த உண்மையை உலகுக்கு விளங்க வைத்ததில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக அழுகி விழுகின்றன என்றே அதுவரை எல்லோரும் நம்பினார்கள். நோய் நரம்பின் உணர்வை எடுத்துவிடுகிறது, உணர்வில்லாத கை கால்களில் ஏற்படும் காயங்களைக் கவனிக்காமல் விடுவதால்தான் விரல்கள் அழிகின்றன என்று அவர் எடுத்துக் காட்டினார். வேலூரில் அவர்கள் பயன்படுத்திய மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம்தான் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று கடைகளில் கிடைக்கிறது. பிறகு அமெரிக்கா சென்ற அவர், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் சொன்னார். வலியை இறைவனின் கொடை என்று அவர் சொல்லி வந்தார். நாமும் யோசித்துப் பார்த்தால் வலி ஒரு நிஃமத்துதான். அது போய்விட்ட காலுக்குக் கண்தான் காவல்.

ஹஜ்ஜில் கால் படும் பாடு

ஸஃபாவிலிருந்து மர்வாவுக்குச் சுமார் 450 மீட்டர். ஏழு முறை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். நம் கடற்கரைச் சாலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்புவது போல, அதுவும் வெறுங்காலில். அதற்கு முன்பு தவாஃப். கூட்டம் அதிகம் என்று மேல்தளத்தில் சுற்றினால் தூரம் பல மடங்கு கூடும். மினா, அரஃபா, முஸ்தலிஃபா, ஜமராத் என்று ஐந்து நாளும் நடைதான்.

மதாஃபில் விரித்திருக்கும் வெள்ளைப் பளிங்கு கிரீஸ் நாட்டின் தாசோஸ் தீவிலிருந்து வருவது. உச்சி வெயிலிலும் குளிர்ந்தே இருக்கும். அந்தக் குளிர்ச்சியில் நடந்த தைரியத்தில் வெளியே தார்ச் சாலையில் கால் வைத்தால் நிமிடங்களில் தோல் வெந்துவிடும். 2024 ஹஜ்ஜின்போது ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஆண்டு 1,301 பேர் வஃபாத்தானதாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, தங்க நிழலின்றி, வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள்.

இங்கிருந்தே தொடங்குங்கள்

புறப்பட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. காலையில் ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். ஏழரை மணி வரை அங்கே வண்டிகள் வராது. முதல் வாரம் ஒரு முறை போய் வாருங்கள், பிறகு இரண்டு முறை. ஹஜ்ஜுக்குப் போட்டுப் போகும் அதே செருப்பில் நடங்கள். கடிக்கிற செருப்பு இங்கேயே கடித்துவிடட்டும். அங்கே போய் புதுச் செருப்பைப் பிரிக்காதீர்கள்.

செருப்பை மாலையில் வாங்குங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு, உணர்வில்லாத காலுக்கு ஆகாது. அந்த இடுக்கில்தான் முதலில் புண் வரும். அகலமான பட்டை வைத்த, மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு நல்லது. ஒரே மாதிரி இரண்டு ஜோடி எடுத்துச் செல்லுங்கள்.

இஹ்ராமில் ஆண்கள் கரண்டைக்காலை மூடும் காலணியும் காலுறையும் அணியக் கூடாது என்பது தெரியும். ஆனால் வெறுங்காலோடு போ என்று மார்க்கம் சொல்லவில்லை. செருப்பு கிடைக்காதவர் தோலுறையைக் கரண்டைக்குக் கீழே வெட்டி அணிந்துகொள்ளட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். பாதத்தின் எந்தப் பகுதி திறந்திருக்க வேண்டும் என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. செருப்பு வாங்கும் முன் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். மூடிய காலணிதான் போட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அதற்கான பரிகாரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களுக்கு இந்தத் தடை இல்லை. தையல் உறுத்தாத பருத்திக் காலுறையும் காலணியும் தாராளமாக அணியலாம்.

இஹ்ராமில் நகம் வெட்டக் கூடாது என்பதால் பலர் புறப்படும் இரவில் அவசர அவசரமாக வெட்டிக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். மூன்று நாள் முன்பே, நல்ல வெளிச்சத்தில், ஓரங்களைத் தோண்டாமல் நேராக வெட்டுங்கள். காலாணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் காலாணிப் பிளாஸ்டர் ஒட்டுவதும் சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடவே கூடாது. ஜிப்மரிலோ உங்கள் மருத்துவரிடமோ ஒரு முறை பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்த்து உணர்வு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை.

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஐந்தாறு மணி நேரம். காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தால் வீங்கும். அவ்வப்போது கரண்டையைச் சுழற்றுங்கள், எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உளூவே நமக்குச் சோதனை நேரம்

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. ஒரு நாளில் ஐந்து முறை காலைக் கழுவுகிறோம். விரல்களைக் கோதிக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். குதிகால் நனையாமல் விட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். ஆனால் ஹவுளில் உட்கார்ந்து கழுவும் நாம், காலைப் பார்க்கிறோமா? பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கழுவிய ஈரத்தோடு ஓடிப்போய்ச் செருப்பில் நுழைத்துவிடுகிறோம். அந்த ஈரம் விரலிடுக்கில் தங்கிச் சேற்றுப்புண்ணாகிறது.

இன்றிலிருந்து இரண்டு பழக்கங்களைச் சேர்த்துக்கொள்வோம். உளூ முடிந்ததும் தனித் துண்டால் விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்துவோம். ஒரு நாளில் ஒரு உளூவின்போதாவது, உதாரணமாக இஷாவுக்கு, உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்போம். குனிய முடியாதவர் தரையில் சிறு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் மங்கியவருக்கு மனைவி பார்க்கட்டும், மனைவிக்குக் கணவர் பார்க்கட்டும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, ஈரக் கசிவு, ஓரிடத்தில் மட்டும் சூடு இவை ஏதும் இருந்தால் வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

சிறிய கொப்புளத்தைக் குத்தாதீர்கள். தானாக உடைந்தால் தோலைப் பிய்க்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணிக்கட்டு போட்டு, அங்குள்ள இந்திய ஹஜ் மருத்துவ முகாமில் காட்டுங்கள். கட்டுப் போட்ட இடத்தில் மஸஹ் செய்யச் சலுகை இருக்கிறது. வெடித்த குதிகாலுக்கு வாசனையில்லாத வாஸ்லின் தடவுங்கள், விரலிடுக்கில் வேண்டாம். இஹ்ராமில் வாசனைப் பொருள் கூடாது, எண்ணெய் பற்றி ஆலிமிடம் கேளுங்கள்.

ஹரமுக்குள் போகும்போது செருப்பை வாசலில் விடாதீர்கள். துணிப் பையில் போட்டு உங்களுடனேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தொலைந்துவிட்டால் வெறுங்காலோடு வெளியே இறங்காதீர்கள். நிழலில் உட்கார்ந்து, துணைக்கு வந்தவரை அனுப்பி ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரு தொழுகை நேரம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

முடியாதவர் சக்கர நாற்காலியில் தவாஃபும் சயீயும் செய்வதற்கு வெட்கப்பட வேண்டாம். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல் நலமில்லை என்று முறையிட்டபோது, வாகனத்தில் அமர்ந்தே மக்களுக்குப் பின்னால் தவாஃப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மார்க்கம் தந்த சலுகையை மறுப்பது தக்வா ஆகாது.

ஹஜ்ஜுக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். பிரான்சில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க நம் ஊரிலிருந்து போகும் பெரியவர்கள் குளிருக்கு இதமாக ஹீட்டருக்குப் பக்கத்தில் பாதத்தை வைத்துக்கொள்கிறார்கள். வலி தெரியாத கால் வெந்தாலும் தெரியாது. வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

அத்தாவையும் அம்மாவையும் அனுப்பும் பிள்ளைகளே! தினமும் போன் செய்து சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்பீர்கள். கூடவே, "காலைப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். முடிந்தால் உள்ளங்காலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு முதல் நம் அறக்கட்டளை ஒவ்வொரு ஹாஜிக்கும் ஒரு சிறு பை தருகிறது. செருப்பு வைக்கத் துணிப்பை, கால் துண்டு, சிறு கண்ணாடி, வாசனையில்லாத வாஸ்லின், துணிக்கட்டு. சால்வையின் செலவை இதற்கு மாற்றிவிட்டோம். சால்வை போடவில்லையே என்று யாரும் மனம் வருந்த வேண்டாம். அந்தப் பெரியவரின் வார்த்தைக்கு நாம் காட்டும் மரியாதை இது.

தாகித்த குழந்தைக்காக அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஓடிய ஓட்டத்தைத்தான் இன்றும் உலகமே சயீயாக நிறைவேற்றுகிறது. அந்த வழியில் நடக்கப் போகும் கால்கள் உங்களுடையவை. அவை அல்லாஹ் தந்த அமானிதம். போனபடியே முழுமையாகத் திரும்பி வாருங்கள்.

உங்கள் ஹஜ்ஜை அல்லாஹ் மப்ரூரான ஹஜ்ஜாக ஆக்குவானாக! எங்களுக்காகவும், நோயுற்ற நம் மஹல்லாவாசிகளுக்காகவும் அரஃபாவில் துஆச் செய்யுங்கள். ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹூ.