நிலாவின் விடுதலையும் கீழூர் வாக்குப்பெட்டியும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு, வில்லியனூர்)



விண்வெளிக் குடியேற்றங்களின் அரசியல் விடுதலையை அறிவியல் புனைகதைகள் எப்படிச் சொல்கின்றன என்று பேசப் பணித்தார்கள். நெல்லும் கரும்பும் விளையும் கொம்யூனில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். வயலில் இருந்தே தொடங்குகிறேன்.

ராபர்ட் ஹைன்லைன் 1966இல் நூலாக வெளியிட்ட ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ நாவலில் நிலா ஒரு சிறைக் குடியேற்றம். நாடு கடத்தப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பாறைக்கு அடியில் கோதுமை விளைவிக்கிறார்கள். பனிக்கட்டியை வெட்டி எடுத்துத்தான் பாசனம். அந்தக் கோதுமை பூமிக்கு வீசப்படுகிறது. அதைத் தின்பது பெரும்பாலும் இந்தியா. நாவல் வந்த காலத்தில் நாம் அமெரிக்கக் கப்பல் கோதுமையை எதிர்பார்த்துக் கிடந்தோம் என்பதை நினைவில் வைத்துப் படித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இப்படியே அனுப்பிக்கொண்டிருந்தால் தண்ணீரும் தீரும், பஞ்சமும் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த நிலாவாசிகள் 2076 ஜூலை 4 அன்று விடுதலையை அறிவிக்கிறார்கள்.

அந்தத் தேதியே கதையின் குட்டை உடைத்துவிடுகிறது. அமெரிக்கா பிறந்த கதையைத்தான் மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார். கிம் ஸ்டான்லி ராபின்சனின் செவ்வாய் நாவல்கள் இதைவிட ஆழமானவை. அங்கே ஒரு புரட்சி தோற்கிறது, அடுத்தது வென்ற பிறகு அரசியலமைப்புச் சட்டம் எழுத நீண்ட சண்டை போடுகிறார்கள். ஆனாலும் முடிவு ஒன்றுதான்: குடியேற்றம் பிரிந்து போகும், தனியே நிற்கும்.

நம் மண்ணில் நடந்தது வேறு. 1954 அக்டோபர் 18 அன்று, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், கீழூரில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர், எதிராக 8 பேர். பிரான்சை விட்டு விலகினார்கள். தனி நாடாகவில்லை, பக்கத்து வீட்டோடு சேர்ந்தார்கள். நான் படித்த விண்வெளிக் கதைகளில் இப்படி ஒரு விடுதலை கண்ணில் படவில்லை.

ஏன் சேர்ந்தார்கள்? தேசப்பற்று உண்டு, மறுக்கவில்லை. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக்குப் பலியான மண் இது, தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா போன்றவர்கள் விடுதலை இயக்கத்தை வளர்த்த மண் இது. ஆனால் வரைபடத்தையும் பாருங்கள். கடலூர் சாலையில் தவளக்குப்பம் தாண்டினால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, அடுத்து கிருமாம்பாக்கம் மறுபடி புதுச்சேரி. இன்று பெட்ரோல் விலைப் பலகை மாறுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. அன்று 1949 மார்ச்சோடு சுங்க ஒப்பந்தம் முடிந்து, இந்திய அரசு இந்தத் துண்டு நிலங்களைச் சுற்றிச் சுங்க வேலி போட்டது. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சரக்கு போவதும் அயல்நாட்டு வணிகமானது. இதை ஐசக் அசிமோவின் 1952ஆம் ஆண்டுக் கதையான ‘தி மார்ஷியன் வே’யுடன் வைத்துப் படிக்கலாம். பூமி தண்ணீரை நிறுத்தப் பார்க்கிறது. செவ்வாய்க்காரர்கள் சனிக்கோளின் வளையத்துக்குப் போய்ப் பனிக்கட்டி கொண்டுவருகிறார்கள். பாகூர்க்காரருக்கு அப்படி ஒரு வளையம் இல்லை. சுற்றிலும் இருந்தது தென்னாற்காடு மாவட்டம்தான்.

வாக்கெடுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. மக்கள் சம்மதமின்றி எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சம்மதத்தை 178 பேரிடம் மட்டும் கேட்டார்கள். குடிமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. அது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் ஓயும்வரை பாரிஸ் அதைக் கிடப்பில் போட்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி இந்தியாவானோம். ஏறத்தாழ எட்டு ஆண்டு இந்திய ஆட்சி, பிரெஞ்சு இறையாண்மை. நாவலாசிரியர்கள் ஒரே இரவில் முடித்துவிடுகிற காரியம் இது.

பிறகு குடியுரிமை. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர் தானாகவே இந்தியரானார். வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். தெருவுக்குத் தெரு நாம் பார்த்த சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) வீடுகள், ஓய்வூதியம், பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே போடும் ஓட்டு எல்லாம் அதன் தொடர்ச்சி. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு.

நாளை நிலாவில் இது எப்படி நடக்கும்? 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவுப்படி நிலாவையோ செவ்வாயையோ எந்த நாடும் தனதாக்க முடியாது. 8ஆம் பிரிவுப்படி அங்கே இறக்கிய கலமும் அதில் இருக்கும் ஆட்களும் அதைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். ஆக, பிரான்ஸ் ஒப்படைத்ததைப் போல ஒப்படைக்க மண் இருக்காது; சுவரும் காற்றுக் குழாயும்தான் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கூடாரங்கள் வெவ்வேறு நாட்டுப் பதிவில் இருந்தால், அது அசல் வில்லியனூர், பாகூர் வரைபடம். குழாய் யாருடைய கூடாரத்தின் வழியே வருகிறதோ அவரோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லும். தாய்நாட்டுப் பதிவே போதும் என்று சிலர் சொல்வார்கள்.

மாணவர்களில் யாராவது இந்தக் கதையை எழுத வேண்டும். எழுதினால் அந்த 170 பேர் பக்கமிருந்து தொடங்காதீர்கள். அவர்களுக்குக் கீழூரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வேண்டாம் என்று வாக்களித்த எட்டுப் பேரில் ஒருவர் அன்று மாலை எந்தச் சுங்கச் சாவடி வழியாக வீடு திரும்பினார், வீட்டில் என்ன சொன்னார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.