கதவுக் கண்ணாடிக்கு ஓர் இறவாரம்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களை நோக்கிப் போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஆனி, ஆடித் திங்களில் மேற்கிலிருந்து வரும் சாரலும் மூடுபனியும் அங்கே வண்டியைச் சூழ்ந்துகொள்ளும். பிக்கப் வண்டியின் முன்னறையில் மூவர் நெருங்கி அமர்ந்து கண்ணாடிகளை மூடிவிட்டால், அவர்தம் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நுண்துளிகளாகப் படிகின்றது. வளைவும் தெரியாது, எதிரே வரும் வண்டியும் தெரியாது. கண்ணாடியை இறக்கினாலோ மடி நனையும்!

வீட்டு இறவாரமே இதற்கு வழி காட்டுகிறது. கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பையொட்டிப் பொருத்தும் அக்ரிலிக் பட்டையை ‘வைசர்’ என்பர். அதன் மறைவில் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி வைக்கலாம். மழைநீர் வெளியே வழிந்துவிடும். வண்டி ஓடுகையில் பட்டையின் பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், உள்ளிருக்கும் ஈரக்காற்று வெளியே ஈர்க்கப்படும்.

பொருத்துவதில் அவசரம் ஆகாது. கதவுச் சட்டத்தைச் சோப்பு நீரால் கழுவி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, நன்கு உலர விடுக. பசைநாடாவின் தாளை உரிப்பதற்கு முன்பே பட்டையை வைத்துப் பார்த்து இடம் குறித்துக்கொள்க. ஒட்டியபின் நகர்த்த இயலாது. தாளைச் சிறிது சிறிதாக உரித்தவாறே அழுத்துக. ஒரு நாள் முழுதும் தண்ணீர் படலாகாது. ஆதலால் சாரல் தொடங்குமுன், சித்திரையிலேயே இவ்வேலையை முடித்தல் நன்று.

கருநிறப் பட்டையைப் பலர் விரும்புகின்றனர். எனக்கு அதில் விருப்பமில்லை. வளைவில் திரும்பும்போது பக்கப் பார்வையைச் சற்றே மறைக்கும். மேலும், ஏற்றத்தில் ஊர்ந்து செல்லும் வண்டியில் காற்றின் ஈர்ப்பு மிகக் குறைவு. அப்போது முன்கண்ணாடிக்குக் காற்றூதும் விசிறியையும் முடுக்கிவிட வேண்டும்.