ஏரிக்கரையிலிருந்து வந்தவன்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1971-ல் விடுதியில் சேர்ந்தபோது, "எந்த ஊருப்பா?" என்று கேட்டால் "சிதம்பரம் பக்கம்" என்பேன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய குக்கிராமம் என்று சொல்லக் கூச்சம். ஒருநாள் அறை நண்பன் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தோடு வந்தான். "டேய், வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னைக்குக் குதிரையில போறானே, அந்த வீரநாராயண ஏரி நெஜமாவே இருக்கா?"

"எங்க கொல்லையிலேர்ந்து பார்த்தா தெரியும்டா" என்றேன். அன்றோடு அறையில் என் மரியாதை கூடிவிட்டது!

கல்கி அந்தத் தொடரை 1950-ல் தொடங்கினார். ஏரி பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பெயர். ஏரிக்கும் அதே பெயர், கோயில் பெருமாளுக்கும் அதே பெயர், ஊரின் பழைய பெயரும் வீரநாராயணபுரம். நாங்கள்தான் வாயில் போட்டு மென்று 'வீராணம்' ஆக்கிவிட்டோம். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் அது. பாசுரங்களை அபிநயித்துப் பாடும் அரையர் சேவையும் அவரிடமிருந்து வந்ததென்பது வைணவ மரபு.

இதையெல்லாம் எங்க ஊர்ல யாரும் பேசமாட்டாங்க. "ஏரிக்குத் தண்ணி வந்துடுச்சா?" இதுதான் பேச்சு. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரவேண்டும். வந்தால் ஆடிப் பதினெட்டுக்குக் கரையெல்லாம் மஞ்சள் கயிறும் காப்பரிசியும்தான். வராத வருஷம் அம்மா கிணற்றடியில் படையல் போட்டுவிட்டு, பேசாமல் உள்ளே போய்விடுவாள். விளைச்சல் நன்றாக இருந்தால் தெருவில் கூத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் கிடையாது. எங்கள் கலை ஏரி மட்டத்தைப் பொறுத்தது!

2004 முதல் அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. தாகத்துக்குத் தருவதில் வருத்தமில்லை. ஆனால் இப்போது வீராணம் என்றால் "எத்தனை கன அடி?" என்றுதான் கேட்கிறார்கள். சென்னையில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த என் பேத்திக்கே ஏரியைத் தெரியாது. 2022-ல் படம் பார்த்துவிட்டுக் கதையைப் படிக்கத் தொடங்கியவள், "தாத்தா, அந்த ஏரி நெஜமா?" என்றாள். மறுவாரமே கூட்டிப்போனேன். கரைமேல் ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள்.

அவளுக்குக் கொடுக்க என் பழைய முதல் பாகத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. 1971-ல் அதை இரவல் வாங்கியவர் இதோ மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.