வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்தக் கணக்குப் புத்தகம்?

(வேங்கிக்காலில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம், கணக்குக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்று நம்மிடம் கேட்கிறவர்கள் ஏராளம். ஹிஃப்ழுக்காக இரண்டு மூன்று வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதில் அதிகம். உடல்நலக் குறைவால் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. நாமே சொல்லிக் கொடுக்கலாம் என்று விரும்பி முடிவெடுத்தவர்களும் உண்டு.

ஹிஃப்ழுக்குப் பிள்ளையை அனுப்பும் வயது பெரும்பாலும் எட்டிலிருந்து பதினொன்று. பெருக்கல், வகுத்தல், பின்னம் மூன்றும் பள்ளிக்கூடத்தில் நடப்பது அதே வயதில்தான். தமிழ் வாசிப்பு கொஞ்சம் விட்டுப்போனாலும் கடைப் பலகையைப் பார்த்து, பத்திரிகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். கணக்கு அப்படித் தானாக வராது.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, இடையில் நின்ற பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி பெறும் உரிமையும் அந்தப் பிள்ளைக்கு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பத்து வயதுப் பையன் ஐந்தாம் வகுப்பில் போய் உட்காரும்போது கரும்பலகையில் வகுத்தல் கணக்கு இருக்கும். அவன் விட்டுப்போனது கழித்தலில். பக்கத்துப் பிள்ளைகள் சிரிக்க, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று அவன் முடிவு கட்டிக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

முதலில் நாங்கள் செய்த தவறைச் சொல்லிவிடுகிறோம். ஆரம்பத்தில் விலை கூடிய புத்தகம்தான் நல்ல புத்தகம் என்று நினைத்தோம். வெளிநாட்டுக் கணக்குப் புத்தகங்களை வரவழைத்துச் சில குடும்பங்களுக்குக் கொடுத்தோம். வண்ணப் படங்கள், வழவழப்பான தாள். உள்ளே பார்த்தால் பென்னி, நிக்கல், டைம் என்று நாம் கண்ணால் காணாத நாணயங்கள், அங்குலம், பவுண்டு. சொல்லிக் கொடுக்க வேண்டிய தாய்மார்கள் தமிழ் வழியில் படித்தவர்கள். மூன்றே மாதத்தில் புத்தகங்கள் பரணுக்குப் போய்விட்டன. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் விற்கும் கடையில் உட்கார்ந்து, நூறு ரூபாய்க்குச் சரியாகச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் பிள்ளை அந்தப் புத்தகத்தின் முன்னால் வாயடைத்து நின்றது. குற்றம் பிள்ளையிடமும் இல்லை, தாயிடமும் இல்லை. தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள்.

அதனால் இப்போது எங்கள் முதல் கேள்வி: சொல்லிக் கொடுக்கப் போவது யார், எந்த மொழியில்? நம் வீடுகளில் பாதி தமிழ் பேசுகின்றன, பாதி உருது. எண்களைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் இல்லை. தமிழில் ‘இருபத்தொன்று’ என்றால் இருபதும் ஒன்றும் காதிலேயே கேட்கிறது. இடமதிப்பில் பாதி அங்கேயே வந்துவிடுகிறது. உருதுவில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இருபத்தொன்பதை முப்பதுக்கு ஒன்று குறைவு என்ற பொருளில் ‘உன்த்தீஸ்’ என்பார்கள். ஆங்கிலத்தில் தர்ட்டீனும் தர்ட்டியும் குழம்பும். தமிழிலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் பிள்ளைகளைக் கொஞ்சம் தடுமாற வைக்கும். எந்த மொழியானாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டு வருடம் அதிலேயே எண்ணச் சொல்லுங்கள். காலையில் அத்தா ஆங்கிலத்தில், மாலையில் நன்னிமா உருதுவில், நடுவில் புத்தகம் தமிழில் என்றால் பிள்ளை என்ன செய்யும்?

தமிழில் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால் எங்கள் சிபாரிசு தமிழ்நாடு அரசின் பாடநூல்தான். முகம் சுளிக்காதீர்கள். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்று முதல் ஐந்து வரை மூன்று பருவங்களாகப் பிரித்திருப்பதால் ஒவ்வொரு புத்தகமும் மெலிது, வீட்டில் முடித்துவிடலாம். தமிழ், ஆங்கிலம் மட்டுமின்றி உருது வழிப் பள்ளிகளுக்கும் பாடநூல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை நாளைக்குத் திரும்பப் போகும் வகுப்பறையில் இருப்பதும் அந்தப் புத்தகம்தான். சிபிஎஸ்இ பள்ளிக்குத் திரும்பும் பிள்ளை என்றால் என்சிஇஆர்டி புத்தகம். 2024-இல் மூன்றாம் வகுப்புக்கு ‘மேத்ஸ் மேளா’ என்ற புதிய நூல் வந்திருக்கிறது. விளையாட்டும் புதிரும் நிறைந்தது. அதில் தமிழ் இல்லை என்பது ஒன்றே நமக்குக் குறை.

எந்த வகுப்புப் புத்தகத்தில் தொடங்குவது? வயதைப் பார்த்து வாங்காதீர்கள். 2022-இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் அடைந்த நிலையை வைத்துப் பிரித்தார்கள். ஒரே வகுப்பில் மூன்று நிலையும் இருக்கும். வீட்டில் இதைச் செய்வது இன்னும் சுலபம். ஒரு கை நிறையப் புளியங்கொட்டையை அள்ளிப் போட்டுப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணச் சொல்லுங்கள். நாற்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு என்று கேளுங்கள். இருபது பேரீச்சம்பழத்தை மூன்று பேருக்குப் பங்கிட்டு மீதி எத்தனை என்று கேளுங்கள். எந்த இடத்தில் பிள்ளை விழிக்கிறதோ அதற்கு ஒரு பருவம் முன்னால் உள்ள புத்தகத்தில் ஆரம்பியுங்கள்.

அந்த நாற்பத்திரண்டு கணக்கில்தான் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு சிறுமி எங்களிடம் கேட்டாள்: “கடன் வாங்கினா திருப்பிக் கொடுக்க வேண்டாமா?” நியாயமான கேள்வி. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிவையுங்கள். நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க உதிரி போதவில்லை. ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மூன்று கட்டில் இரண்டு போக ஒன்று. பதினைந்து. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கட்டை அவிழ்த்தோம், அவ்வளவுதான். ஒரு வாரம் குச்சியில் செய்த பிறகு நோட்டில் படமாக வரையட்டும். எண் அதற்கும் பிறகு.

சிங்கப்பூர்க் கணக்கு என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அதன் அடிப்படையும் இதே வரிசைதான்: கைப்பொருள், படம், எண். புத்தகத்தை வாங்காமலே அவர்களுடைய பட்டைப் படத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். அக்காவிடம் தம்பியைவிட ஆறு மாங்காய் அதிகம். இருவரிடமும் சேர்த்து இருபது. ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் நம் பிள்ளைகள் கூட்டிவிடுவார்கள். இரண்டு பட்டை வரைந்து, அக்காவின் பட்டையில் ஆறை வெட்டிவிட்டால் பதினான்கில் ஆளுக்கு ஏழு. தம்பிக்கு ஏழு, அக்காவுக்குப் பதின்மூன்று.

பின்னத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு ‘இதெல்லாம் எதற்கு’ என்று முதலில் தள்ளிவிடுவது இதைத்தான். ஸகாத் நாற்பதில் ஒரு பங்கு. வாரிசுப் பங்குகள் அரை, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்றே வருகின்றன. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலில் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகள்தான். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்க ஒருவர் இறந்தால், கடனும் வஸிய்யத்தும் போக மீதியை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இது அடிப்படைப் பின்னம் தெரிந்த பிள்ளை போட்டுவிடக்கூடிய கணக்கு. இதைப் போடத் தெரியாமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு நம் அலுவலகத்துக்கு வந்து அழுத சகோதரிகளை நாங்கள் அறிவோம்.

மேலே போகப் போக ஒரு எச்சரிக்கை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அடிப்படைக் கல்விக்கு ஏ, பி, சி என்று நிலைகள் உண்டு. மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமம். 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். அங்கே கணக்கு இல்லாமலும் பாடங்களைத் தேர்ந்தெடுக்க முடியும். சுலபம் என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பையனுக்குப் பதினாறு வயதில் டிப்ளமோ ஆசை வந்தால் அப்போது யாரைக் கேட்பது?

‘நாங்கள் பன்னிரண்டாவதுதான் படித்திருக்கிறோம்’ என்று தயங்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. கொரோனாவுக்குப் பின் 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தொடக்க வகுப்புகளுக்குத் தன்னார்வலர்களிடம் கேட்ட படிப்பும் அதே பன்னிரண்டாம் வகுப்புதான். அஸருக்குப் பிறகு தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஹிஃப்ழுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் போதும். மதரஸா உஸ்தாதிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எடுத்த புத்தகத்தை ஒரு வருடம் மாற்றாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். புளியங்கொட்டையும் தீக்குச்சிக் கட்டும் இங்கே இருக்கும். எந்தப் பருவத்தில் ஆரம்பிப்பது என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். பரணில் அந்த வெளிநாட்டுப் புத்தகங்கள் இன்னும் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். பட்டைப் படம் உள்ள பக்கங்களை மட்டும் பிரித்துக்கொள்ளலாம்.