நொண்டும் குதிரைக்கு எது நல்லது?



பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குதிரை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எது? தோட்டத்து எல்லையில் நிற்கும் முனீஸ்வரர் கோயில் குதிரை அல்லது மதுரை வீரனின் வெள்ளைக் குதிரை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய பிறகும் பல இடங்களில் அந்தக் குதிரை அப்படியே நிற்கிறது. சிமெண்டுக் குதிரைக்குக் கால் வலிப்பதில்லை. ஆனால் ஈப்போ, ராஜா டிஹிலிர் சாலையில் உள்ள பேராக் டர்ஃப் கிளப் திடலில் ஓடும் குதிரைக்குக் கால் வலிக்கும். ஓடும்போது கைதட்டுகிறவர்கள் ஏராளம். ஓடி முடித்து, நொண்டத் தொடங்கிய பிறகு அதன் பக்கத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர்?

இன்றைய உரையின் பொருள் இதுதான். பாசத்தோடு வளர்த்த ஒரு குதிரைக்குத் தீராத நொண்டல் வந்துவிட்டால் அதற்கு என்ன செய்வது? தொடர்ந்து வைத்தியம் பார்ப்பதா? ஓய்வு கொடுத்து வைத்துக்கொள்வதா? அல்லது வலியிலிருந்து விடுதலை கொடுத்துவிடுவதா?

இது பணக்காரர்களின் கவலை என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பிலும் 2025 மே மாதத்தோடு பந்தயம் நின்றுபோனது. திடல்கள் மூடப்படும்போது குதிரைகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. சில குதிரைகள் சவாரிப் பள்ளிகளுக்குப் போகின்றன. சில, அவற்றை இத்தனை நாள் தேய்த்துக் குளிப்பாட்டிய பராமரிப்பாளர்களின் கைக்கோ, விலங்கு நேசர்களின் கைக்கோ வருகின்றன. பந்தயத்திலிருந்து ஒரு குதிரை விலக்கப்படுவதற்குக் கால் கோளாறு ஒரு முக்கியக் காரணம். ஆக, ஆசையோடு குதிரையை ஏற்றுக்கொள்கிறவர், அதன் நொண்டலையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

நொண்டல் என்பது நோயல்ல, அறிகுறி

ஒரு பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. இந்தப் பாரத்தில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. அதனால்தான் நொண்டல் பெரும்பாலும் முன்னங்காலில் வருகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. குதிரையை நேராக ஓட்டமும் நடையுமாக விட்டுப் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தலை கீழே இறங்கும்.

கால்நடை மருத்துவர்கள் நொண்டலை 0 முதல் 5 வரை அளக்கிறார்கள். 0 என்றால் நொண்டல் இல்லை. 1 என்றால் உற்றுப் பார்த்தாலும் எப்போதாவதுதான் தெரியும். 4 என்றால் சாதாரண நடையிலேயே தெரியும். 5 என்றால் அந்தக் காலை ஊன்றவே முடியாத நிலை.

காரணங்களும் பல. குளம்பின் உள்ளே சீழ் கட்டலாம். தசைநார் கிழிந்திருக்கலாம். மூட்டு தேய்ந்திருக்கலாம். குளம்பையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைத்து நிற்கும் திசு வீங்கிப் பழுதாகலாம். இதைக் குளம்பழற்சி என்பார்கள். குதிரைக்கு வரும் மிகக் கொடிய வலிகளில் இதுவும் ஒன்று. ஈப்போவைப் போன்ற மழையும் ஈரமும் நிறைந்த இடத்தில், நனைந்த வைக்கோலிலேயே நின்றுகொண்டிருக்கும் குதிரைக்குக் குளம்பின் அடிப்பாகம் அழுகுவதும் உண்டு.

சீழ் கட்டியதால் வரும் நொண்டல் பார்ப்பதற்கு எலும்பு முறிந்ததுபோல் பயங்கரமாக இருக்கும். ஆனால் சீழை வெளியேற்றினால் பெரும்பாலும் சில நாட்களில் குதிரை நடந்துவிடும். மூட்டுத் தேய்வால் வரும் நொண்டலோ மெல்லியதாகத் தெரியும். ஆனால் ஆயுள் முழுதும் கூடவே வரும். எனவே, காரணம் தெரியாமல் முடிவெடுப்பது பெரும் தவறு. மரத்துப்போகும் ஊசி போட்டு வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டறிதல், எக்ஸ்ரே, ஸ்கேன் ஆகிய சோதனைகள் முதலில் நடக்க வேண்டும்.

பணமும் இருந்தது, பாசமும் இருந்தது

அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். பார்பரோ என்ற குதிரை 2006 மே 6-ஆம் தேதி புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்றது. இரண்டே வாரத்தில், மே 20-ஆம் தேதி பிரீக்னஸ் பந்தயத்தில் அதன் வலது பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக முறிந்தது. உரிமையாளர்களான ஜாக்சன் தம்பதியர் அதைக் கைவிடவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் அறுவைச் சிகிச்சை செய்தார். உலோகத் தகடும் 27 திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள்.

முறிந்த கால் தேறி வந்தது. ஆனால் ஜூலை மாதத்தில், பாரத்தைத் தாங்கிய இடது பின்னங்காலில் குளம்பழற்சி வந்தது. அந்தக் குளம்பின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். மாதக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் முன்னங்கால்கள் இரண்டிலும் அதே நோய் பரவியது. ஊன்றி நிற்க ஒரு நல்ல கால்கூட இல்லை. 2007 ஜனவரி 29-ஆம் தேதி பார்பரோவுக்கு ஊசி மூலம் அமைதியான மரணம் கொடுக்கப்பட்டது.

இந்தியாவில் உத்தரகாண்ட் காவல்துறைக் குதிரை சக்திமானின் கதையையும் பலர் படித்திருப்பீர்கள். 2016 மார்ச் 14-ஆம் தேதி டேராடூனில் ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது அதன் பின்னங்கால் முறிந்தது. காலை அகற்றிவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். நாடே அந்தக் குதிரைக்காக வேண்டிக்கொண்டது. ஆனால் ஏப்ரல் 20-ஆம் தேதி அது இறந்துபோனது.

இந்த இரண்டு சம்பவங்களும் சொல்லும் பாடம் என்ன? மனிதனுக்குக் கால் முறிந்தால் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். குதிரையால் நாள் முழுதும் படுத்திருக்க முடியாது. அதன் உடல் எடையே நுரையீரலையும் தசைகளையும் அழுத்தும். நின்றுகொண்டேதான் குணமாக வேண்டும். ஒரு காலைக் காப்பாற்றப் போய் மற்றொரு கால் பலியாகிறது. ஆகவே, நொண்டும் காலை மட்டும் பார்ப்பவர் பாதிதான் பார்க்கிறார். எதிர்ப்பக்கக் காலையும் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். குளம்பு வழக்கத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கணுக்கால் பக்கம் நாடி பலமாகத் துடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

நொண்டினால் வாழ்வு முடிந்ததா?

இல்லவே இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். லேசான, நிலையான நொண்டலோடு பல ஆண்டுகள் நிம்மதியாக வாழ்ந்த குதிரைகள் நிறைய உண்டு. குதிரையின் ஆயுள் 25 முதல் 30 ஆண்டுகள். பந்தய வாழ்வு அதில் ஒரு சிறு பகுதிதான். சவாரி வேண்டாம், பந்தயம் வேண்டாம். மிருதுவான தரை, காய்ந்த படுக்கை, நிழல், துணைக்கு இன்னொரு குதிரை, இவை இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவையும் உண்டு. ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது குளம்பைச் சீவி, தேவைக்கேற்ற லாடம் அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாசத்தால் அள்ளிக் கொடுக்கும் தானியமும் வெல்லமும் நொண்டும் குதிரைக்குப் பகை. வலி மருந்து உதவும். ஆனால் குதிரைகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃபெனில்பியூட்டசோன் நீண்ட நாள் கொடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அதைத் தொடரக் கூடாது.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

வலியை மறைப்பது குதிரையின் இயல்பு. காட்டில் பலவீனத்தைக் காட்டும் மிருகம் முதலில் இரையாகும் அல்லவா? அதனால் கத்தாது, அழாது. ஆனால் முகம் சொல்லும். காது பின்பக்கம் விறைத்திருப்பது, கண்ணுக்கு மேல் இறுக்கம், தாடைத் தசை விறைப்பு போன்றவற்றை வைத்து வலியை அளக்கும் முறையை 2014-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நெடுநாள் பழகிய பராமரிப்பாளருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

ஒரு நாட்காட்டியை லாயத்தில் மாட்டுங்கள். நல்ல நாளுக்கு ஒரு குறி, மோசமான நாளுக்கு ஒரு குறி. தானாக நடந்து தீவனத்துக்கு வருகிறதா? படுத்தால் தானாக எழுகிறதா? துணைக் குதிரையோடு சேர்ந்து நிற்கிறதா? மருந்து கொடுத்தும் வலி தெரிகிறதா? ஒரு மாதம் கழித்துக் குறிகளை எண்ணுங்கள். மோசமான நாட்கள் கூடிக்கொண்டே போனால், அந்த நாட்காட்டி சொல்வதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

செலவைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டாம். பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் வைத்தியம் பார்த்து, பாதியில் நிறுத்துவதால் குதிரைக்கு நன்மையில்லை. இயன்றது எவ்வளவு என்று மருத்துவரிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொன்னால் அவர் அதற்கேற்ற வழி சொல்வார்.

பாவமா, கருணையா?

நம் மக்களின் மனத்தை அழுத்தும் கேள்வி இதுதான். தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு இந்த வேதனை தெரியும். நொண்டும் பசுவை வியாபாரி ஓட்டிக்கொண்டு போகும் நாளில் கட்டுத்தறிப் பக்கமே வராத தாய்மார்கள் உண்டு. கொல்லவில்லை, விற்றோம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். விற்றால் பாவம் கை மாறிவிடுமா? வலி மாறாதே!

மகாத்மா காந்திக்கும் இதே சோதனை வந்தது. 1928-இல் அவருடைய சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி உடல் முடமாகித் துடித்தது. பிழைக்காது என்று மருத்துவர் கைவிரித்தார். பலரோடு கலந்து பேசிய பிறகு, காந்தியின் சம்மதத்தோடு அதற்கு ஊசி போடப்பட்டது. அகிம்சையைப் போதித்தவரா பசுங்கன்றைக் கொன்றார் என்று கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் மறைக்கவில்லை, தம் பத்திரிகையிலேயே விளக்கம் எழுதினார். காப்பாற்ற வழியில்லாத உயிரின் வேதனையை முடிப்பதும் அகிம்சையே என்பது அவர் நிலை. அதை ஏற்காதவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர் முடிவெடுத்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் வைத்தியம், பிறகு மருத்துவரின் கருத்து, பிறகு ஆலோசனை, கடைசியில்தான் முடிவு. தம் வசதிக்காக அவர் அதைச் செய்யவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, வளர்க்கும் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை. கொடுமை நிரூபிக்கப்பட்டால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வைத்தியம் பார்க்காமல் நொண்டும் குதிரையை ஒரு மூலையில் கட்டிப் போடுவதும் கொடுமைதான்.

கடைசி முடிவுதான் வழி என்றால், அதை மருத்துவர் கையால் மட்டுமே செய்ய வேண்டும். அடக்கம் செய்யும் இடத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஊசி மருந்து உடலில் தங்குவதால், மற்ற விலங்குகள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். பழகியவர் பக்கத்தில் நிற்கட்டும். பெயர் சொல்லி அழைத்து, கழுத்தைத் தடவிக் கொடுக்கட்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். விடைபெற அவர்களுக்கும் நேரம் கொடுங்கள்.

நேயர்களே, குதிரை தன் முடிவைத் தானே சொல்லாது. அதற்காக இன்னொருவர்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுப்பவர் தம் மனத்தைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இன்னும் வைத்துக்கொள்வது குதிரைக்காகவா, பிரிய முடியாத தமக்காகவா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், வைத்தியத்தைத் தொடர்ந்தாலும் விடை கொடுத்தாலும் அந்த முடிவு அன்பான முடிவாகவே இருக்கும்.